வீட்டில் செய்த கம்ப்யூட்டருக்குத் தபால் வராதது ஏன்?

ஒரு கம்ப்யூட்டர். அதன் சொந்தக்காரர் அதைக் கடையில் வாங்கவில்லை. உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கினார். மேஜை மீது பரப்பினார். தாமே பூட்டி முடித்தார்.

பொத்தானை அழுத்தினார். திரையில் படம் வந்தது. பாட்டுக் கேட்டது. எல்லாம் சரியாக நடந்தன. ஒரே ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை. செய்தி போகவும் இல்லை, வரவும் இல்லை!

"உங்கள் கணக்கை இப்போது பயன்படுத்த முடியாது. இந்த எண்ணைக் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் தோன்றியது.

கம்ப்யூட்டரில் பழுதா? இல்லை. இன்டர்நெட் துண்டிக்கப்பட்டதா? அதுவும் இல்லை. செய்தி நிலையம் ஒரு கேள்வி கேட்டது. அதற்கு இந்தக் கம்ப்யூட்டரால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

"நீ யார்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்படித் தவித்தவர்கள் ஒருவர், இருவர் அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் ஏராளமானவர்கள் தவித்தார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

அசல் மேக், வீட்டு மேக்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஆப்பிள் கம்பெனி இருக்கிறது. ஐபோன் இந்தக் கம்பெனியின் சரக்குத்தான். இது விற்கும் கம்ப்யூட்டருக்கு "மேக்கிண்டோஷ்" என்று பெயர். சுருக்கமாக "மேக்" என்பார்கள்.

வண்டி ஓட டிரைவர் வேண்டும். கம்ப்யூட்டர் ஓட, உள்ளே ஒரு மூல மென்பொருள் வேண்டும். "எங்கள் மென்பொருளை எங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே போடலாம்" என்பது ஆப்பிள் கம்பெனியின் நிபந்தனை.

2006-ம் ஆண்டில் ஒரு மாறுதல் வந்தது. அதுவரை தனி ரகமான சிப்பை வைத்திருந்த மேக், இன்டெல் கம்பெனியின் சிப்புக்கு மாறியது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் இன்டெல் சிப்தானே இருக்கிறது!

"சிப் ஒன்றுதான். பிறகு மேக் மென்பொருள் இதில் ஏன் ஓடாது?" என்று சிலர் யோசித்தார்கள். விலையும் அவர்களைத் தூண்டியது. 2019-ல் வந்த "மேக் புரோ" கம்ப்யூட்டரின் ஆரம்ப விலையே 5,999 டாலர்!

ஒரு கருவியை, அதைச் செய்தவரே நினைக்காத விதத்தில் வேலை செய்ய வைப்பதற்கு "ஹேக்" என்று பெயர். வீட்டில் செய்த மேக்கிற்கு "ஹேக்கிண்டோஷ்" என்ற பட்டப் பெயர் கிடைத்தது.

திருடாதே!

ஆப்பிள் கம்பெனி சும்மா இருக்குமா? மேஜைக் கம்ப்யூட்டர் முதல் மடிக் கம்ப்யூட்டர் வரை, மேக் பலகையில் உள்ள ஒரு சிறிய சிப்பில் ரகசியச் சொற்களை வைத்தது. அந்தச் சொற்கள் கிடைத்தால்தான் மென்பொருளின் சில பகுதிகள் திறக்கும். இந்தக் காவல் வேலையைச் செய்யும் பகுதிக்கு அது வைத்த பெயர் வேடிக்கையானது. "மேக் ஓ.எஸ். எக்ஸைத் திருடாதே" என்பதுதான் அந்தப் பெயர்!

ஆனால், வீட்டுக் கைவினைஞர்கள் அந்தச் சிப்பைப் போலவே நடிக்கும் ஒரு சிறிய மென்பொருளைச் செய்துவிட்டார்கள்.

2008-ல் ஃபுளோரிடா மாநிலத்தில் "சைஸ்டார்" என்ற கம்பெனி, இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களை வியாபாரமாகவே விற்கத் தொடங்கியது. ஆப்பிள் கம்பெனி அதே ஆண்டில் வழக்குப் போட்டது. 2009-ல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கோர்ட்டு, விற்பனைக்குத் தடை போட்டது. 2011-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

வியாபாரம் நின்றது. வீட்டில் செய்பவர்கள் நிற்கவில்லை.

நீலமும் பச்சையும்

2011 அக்டோபரில் ஐபோனுக்கு "ஐமெசேஜ்" என்ற செய்திச் சேவை வந்தது. 2012 ஜூலையில் மேக்கிற்கும் வந்தது. போனில் வரும் செய்தி மேஜைக் கம்ப்யூட்டரிலும் வரும். அங்கிருந்தே பதிலும் எழுதலாம்.

ஐபோன் வைத்திருப்பவருக்கு ஐமெசேஜில் எழுதினால், எழுதியது நீல நிறத்தில் தெரியும். மற்றப் போன்களுக்குச் சாதாரணச் செய்தியாக எழுதினால் பச்சை நிறத்தில் தெரியும். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடையே இந்த நிறமே ஒரு கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது!

வீட்டு மேக் வைத்திருந்தவர்களும் இந்தச் சேவையை விரும்பினார்கள். அங்கேதான் சிக்கல் பிறந்தது. மென்பொருளை ஏமாற்றியாகிவிட்டது. ஆனால் செய்தி நிலையம் வீட்டில் இல்லை. அது ஆப்பிள் கம்பெனியின் கையில் இருக்கிறது.

எஞ்சின் எண் மாதிரி

மோட்டார் வண்டி வாங்கினால் என்ன பார்ப்பீர்கள்? நம்பர் பலகையை மட்டுமா? எஞ்சின் எண், சேஸ் எண் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பீர்கள். அவை தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டவை.

மேக்கிற்கும் அப்படியே. முக்கியமான அடையாளங்கள் இவை:

ஒன்று, கம்ப்யூட்டரின் ரகப் பெயர்.

இரண்டு, வரிசை எண். பல ஆண்டுகள் வரை இதில் 12 எழுத்துகளும் இலக்கங்களும் இருந்தன. முதல் 3 எழுத்துகள் எங்கே செய்தது என்று சொல்லும். அடுத்த 2, எந்த ஆண்டு, எந்த வாரம் என்று சொல்லும். கடைசி 4, என்ன ரகம் என்று சொல்லும். ஒரு பிறப்புச் சான்றிதழே அதற்குள் இருந்தது!

மூன்று, உள்ளே இருக்கும் தாய்ப் பலகையின் எண்.

நான்கு, இன்டர்நெட் கம்பி செருகும் வாயிலின் எண்.

இவற்றோடு, அந்தக் கம்ப்யூட்டரைக் குறிக்கும் நீண்ட தனி எண் ஒன்றும் உண்டு.

ஐமெசேஜைத் திறந்து கணக்கைக் கொடுத்ததும், கம்ப்யூட்டர் இந்த எண்களைக் கொண்டு ஓர் அத்தாட்சி தயாரித்து அனுப்பும். நிலையம் அதைச் சோதிக்கும். சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். உதிரிப் பாகங்களால் ஆன கம்ப்யூட்டரில் ஆப்பிள் எண் ஏது? எனவே கதவு மூடியே இருந்தது.

வீட்டுக் கைவினைஞர்கள் என்ன செய்தார்கள்? மூல மென்பொருள் விழித்தெழும் முன்பே ஓடும் ஒரு குட்டி மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். "குளோவர்" என்பது அவற்றில் ஒன்று. 2019-ல் "ஓப்பன்கோர்" வந்தது. "நான் இன்ன ரக மேக், என் எண் இது" என்று ஒரு பட்டியலை அது மூல மென்பொருளிடம் நீட்டும். பட்டியலில் இருப்பவை உண்மையான மேக் எண்களைப் போலவே அமைந்த கற்பனை எண்கள்.

ஒரே எண், பல வீடுகள்

அப்படியும் பலருக்குச் செய்தி வரவில்லை. காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்.

இன்டர்நெட் வாயில் "முதல் வாயில்" என்று பதிவாகியிருக்காது. அல்லது, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதும் எண் மாறிக்கொண்டிருக்கும். இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர் சொல்பவரை யார் நம்புவார்கள்?

இன்னொரு தவறு பெரியது. ஒருவர் தாம் செய்த பட்டியலை மற்றவர்களுக்குக் கொடுப்பார். வாங்கியவர்கள் எண்ணை மாற்றாமல் அப்படியே போட்டுவிடுவார்கள். ஒரே வரிசை எண்ணோடு பல ஊர்களில் பல கம்ப்யூட்டர்கள்! ஒரே ரேஷன் கார்டைப் பத்துக் கடையில் நீட்டினால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

எல்லாவற்றிலும் மோசமானது, வேறு ஒருவருடைய உண்மையான மேக் எண்ணை எடுத்துப் போடுவது. அவர் பணம் கொடுத்து வாங்கியவர். தவறு ஏதும் செய்யாதவர். அந்த எண்ணுக்குத் தடை வந்தால் தொல்லை அவருக்கு! இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். கற்பனை எண்ணை ஆப்பிள் கம்பெனியின் சோதனைப் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். "இது சரியான எண் அல்ல" என்று பதில் வந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். அதாவது, அந்த எண் யாருக்கும் சொந்தம் இல்லை.

நகல் செய்பவர்களுக்குள்ளும் ஒரு நியாயம்!

இத்தனை காவல் எதற்கு?

ஐமெசேஜில் எழுதும் கடிதம் பூட்டிய பெட்டியில் போகிறது. நீங்கள் ஒருவருக்கு எழுதும்போது, "அவரிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?" என்று உங்கள் போன் நிலையத்தைக் கேட்கிறது. நிலையம் பட்டியல் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டுக் கடிதம் போகிறது. சாவி அந்தந்தக் கருவியில் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பட்டியலில் ஒரு பொய்யான கருவி நுழைந்துவிட்டால்? அதற்குக் கணக்கின் ரகசியச் சொல்லும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லும் திருட்டுப் போவது உண்டு. நுழைந்த கருவிக்கும் கடிதத்தின் ஒரு பிரதி போய்ச் சேரும். மகள் அம்மாவுக்கு எழுதியதை வேறு யாரோ படிப்பார்கள்! மோசடிக்காரர்கள் கற்பனை எண்களைக் கொண்டு ஆயிரக்கணக்கில் குப்பைச் செய்திகளை அனுப்பவும் வழி பிறக்கும்.

மூன்று நாள் வாழ்வு

2023 டிசம்பர் 5-ந் தேதி "பீப்பர் மினி" என்ற செயலி வந்தது. ஆண்ட்ராய்டு போனில் இருந்தே ஐமெசேஜ் அனுப்பலாம் என்றது. பள்ளி மாணவர் ஒருவர் கண்டுபிடித்த வழிதான் அதற்கு அடிப்படை! பலர் ஆசையோடு அதைப் போட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் 8-ந் தேதி அது செத்துவிட்டது. பொய்யான அடையாளத்தைப் பயன்படுத்தும் வழிகளை அடைத்துவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது. குப்பைச் செய்தி, மோசடி ஆபத்துகளைக் காரணமாகச் சொன்னது. "ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே போகும் சாதாரணச் செய்திக்குப் பூட்டே இல்லை. நாங்கள் பூட்டுத்தானே போட்டோம்?" என்பது பீப்பரின் வாதம். பிறகு, உண்மையான மேக் ஒன்றின் பதிவு விவரத்தை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. அந்த மாதமே முயற்சியைக் கைவிட்டார்கள்.

இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார் ஆப்பிள் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தபோது, இந்தச் செய்தி விவகாரத்தையும் அதில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் ஐபோனில் "ஆர்.சி.எஸ்." என்ற பொது முறை வந்தது. மற்றப் போன்களோடு நல்ல படங்களைப் பரிமாறிக்கொள்ள வழி கிடைத்தது. நிறம் மட்டும் பச்சைதான்!

கடைசி அத்தியாயம்

2020-ல் ஆப்பிள், மேக்கில் தன் சொந்தச் சிப்பை வைக்கத் தொடங்கியது. இன்டெல் மேக்கில் ஓடும் கடைசி மூல மென்பொருள், 2025-ல் வந்த "டஹோ" என்று அறிவித்துவிட்டது. ஆப்பிள் சிப் சந்தையில் உதிரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் மேக் செய்யும் கலைக்கும் முடிவு நெருங்குகிறது.

ஆனால் அந்தக் கேள்வி முடியாது. "நீ யார்?" என்று இனி ஒவ்வொரு கருவியையும் கேட்பார்கள்.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ செய்திக் கணக்கின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். உங்கள் பெயரில் எத்தனை கருவிகள் பதிவாகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். தெரியாத கருவி இருந்தால் உடனே நீக்குங்கள். ரகசியச் சொல்லையும் மாற்றுங்கள்.

போனை விற்கும்போதும், பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் அதன் வரிசை எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கண்டவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். வண்டியின் எஞ்சின் எண்ணைப் போல அதுவும் உங்கள் சொத்துதான்!