பம்ப் வந்தால் ஊசி போய்விடுமா?

“டீச்சர், பம்ப் மாட்டிக்கிட்டா இனிமே ஊசியே வேணாம்தானே?”

படிவம் 4 மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒன்பது வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் என, நாளுக்கு நான்கு முறை பேனா ஊசியால் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இப்போது வீட்டில் இன்சுலின் பம்ப் வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. ஒரே சொல்லில் அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

மாணவர்களே, பள்ளியில் ‘பங்கிரியாஸ்’ என்று படிக்கிறீர்களே, அதுதான் தமிழில் கணையம். அதிலுள்ள பீட்டா அணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அந்த அணுக்களைப் பகைவர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வருவதல்ல இது. நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு இருப்பது இரண்டாம் வகை; அது வேறு கதை.

சரி, மாத்திரையாக விழுங்கினால் என்ன? இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். விழுங்கினால், நீங்கள் தின்ற முட்டையைப் போல அதுவும் செரித்துப்போகும். அதனால்தான் ஊசி. 1922 ஜனவரி 11ஆம் நாள் கனடாவின் டொரோண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. அந்த மருந்து தூய்மையாக இல்லாததால் அவனுக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. மேலும் தூய்மையாக்கி 12 நாள் கழித்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. அதற்கு முன்பு இந்நோய் வந்த பிள்ளைகளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்ததெல்லாம் உணவைக் கடுமையாகக் குறைத்துச் சில காலம் உயிரைத் தள்ளிப்போடுவதுதான்.

நல்ல நிலையில் உள்ள கணையம் இரண்டு வேலை செய்கிறது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினைக் கசியவிடும். நாம் சாப்பிடும்போது கூடுதலாகச் சுரக்கும். பேனா ஊசி போடுபவர்கள் இதற்கு இரண்டு வகை இன்சுலின் வைத்திருப்பார்கள். ஒன்று, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது. மற்றது, சாப்பாட்டுக்கானது, விரைவில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பம்பில் இருப்பது இந்த இரண்டாவது வகை மட்டுமே. அதையே சில நிமிடங்களுக்கு ஒருமுறை, தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியாகத் துளித்துளியாகச் செலுத்துகிறது.

துளி என்று சொல்வதே மிகைதான். 1 மில்லிலிட்டரில் 100 அலகு இன்சுலின் இருக்கும். ஒருவருக்கு மணிக்கு 0.8 அலகு தேவை என்றால் அது 0.008 மில்லிலிட்டர். குழாயிலிருந்து சொட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். அப்படியானால் அந்த ஒரே சொட்டை ஆறு மணி நேரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது இந்தக் கருவி! எந்தக் கையாலும் அப்படி ஊசி போட முடியாது.

இந்த நுணுக்கம் பதின்ம வயதினருக்குத்தான் அதிகம் உதவும். வளரும் வயதில் இரவில் சுரக்கும் வளர்ச்சி இயக்குநீர் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. விடியற்காலையில் சர்க்கரை ஏறும். பம்பில் அந்த மணிகளுக்கு மட்டும் அளவைக் கூட்டி வைக்கலாம். மாலையில் வலைப்பந்துப் பயிற்சி என்றால் முன்கூட்டியே குறைத்துக்கொள்ளலாம். இரவு போட்ட நீண்ட நேர ஊசியை அப்படித் திரும்ப எடுக்க முடியுமா? நாசி லெமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரை வெகுநேரம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கும். பம்ப் வைத்திருப்பவர் பாதி இன்சுலினை உடனேயும் மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பியும் செலுத்தலாம்.

ஆனால் நீங்கள் நாசி லெமாக் சாப்பிட்டது பம்புக்குத் தெரியாது. மாவுச்சத்து எத்தனை கிராம் என்று நீங்கள்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 45 கிராம். உங்களுக்கு 10 கிராமுக்கு 1 அலகு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் 4.5 அலகு. இந்தக் கணக்குச் சலிப்பூட்டினால் பம்பும் சலிப்பூட்டும். சர்க்கரையை அளக்கும் உணரியோடு இணைந்து, அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புகளும் வந்துவிட்டன. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்த உணரி அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். இவற்றைச் ‘செயற்கைக் கணையம்’ என்று அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி, அவளிடம் நான் அழுத்திச் சொன்ன விஷயம். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது என்றேன் அல்லவா? குழாய் மடங்கினாலோ, விளையாட்டில் பிடுங்கிக்கொண்டாலோ, உடலில் இருக்கும் கொஞ்ச இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன்கள் சேரும், இரத்தம் அமிலமாகும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி என ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் குளிக்கவோ நீந்தவோ கழற்றினால்கூட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மாட்டிவிடச் சொல்கிறார்கள். பம்ப் அணிபவரின் பையில் பேனா ஊசி எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்றும்போதும் ஒரு குத்து உண்டு. ஆக, ஊசி போய்விடாது. நாளுக்கு நான்கு என்பது குறையும், அவ்வளவுதான்.

செலவும் சிறியதல்ல. கருவிக்குப் பல ஆயிரம் ரிங்கிட். குழாய்க்கும் மருந்துக் கலனுக்கும் மாதாமாதம் தனிச் செலவு. இதை அவள் அப்பா ஏற்கெனவே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டாராம்.

உங்கள் வகுப்பில் இப்படி ஒரு தோழி இருந்தால், இடுப்பில் இருப்பது கைத்தொலைபேசி என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பம்போ ஊசியோ, இன்சுலின் கொஞ்சம் கூடிவிட்டால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆசிரியரைக் கூப்பிடுங்கள், 999க்கு அழையுங்கள்.

இந்த வாரம் அவள் ஒரு பம்ப் அணிந்து பள்ளிக்கு வருகிறாள். உள்ளே இருப்பது இன்சுலின் அல்ல, உப்புநீர். வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க மருத்துவர் செய்த ஏற்பாடு. பேனா ஊசிகள் வழக்கம்போலத் தொடர்கின்றன. பாஜு குரோங்கில் எங்கே மாட்டுவது, தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறாள். புதன்கிழமை குழாய் கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபட்டதாம். அதையும் எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை அந்த நோட்டோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறாள்.