கல் கருவி காட்டும் வணிகப் பாதை

எழுத்து தோன்றுவதற்கு முன்பே மக்கள் தொலைதூரங்களோடு பொருள்களைப் பரிமாறிக்கொண்டனர் என்று வரலாற்றுப் பாடத்தில் கூறுகிறோம். "அது எப்படித் தெரியும், சார்?" என்று மாணவர் கேட்டால் என்ன சான்று காட்டுவது? அப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடி அதற்கு நல்ல விடை.

எரிமலைக் குழம்பு படிகமாக நேரமின்றி விரைவாகக் குளிரும்போது அப்சிடியன் உருவாகிறது. உடைத்தால் மிகக் கூரிய விளிம்பு கிடைக்கும். ஆனால், இது சில எரிமலைப் பகுதிகளில் மட்டுமே உண்டு. இதில் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். அவற்றின் அளவு எரிமலைக்கு எரிமலை மாறுபடும். கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டறிவதுபோல, இதைக் கொண்டு கல்லின் பிறப்பிடத்தைக் கண்டறியலாம்.

1964இல் கேன், ரென்ஃப்ரு ஆகியோர் இம்முறையை மத்தியதரைக்கடல் பகுதிக் கருவிகளில் பயன்படுத்தினர். இன்று எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கருவியைச் சேதப்படுத்தாமலே ஆராய்கின்றனர்.

முடிவுகள் வியப்பளிப்பவை. ஜெரிகோவில் கிடைத்த புதிய கற்கால அப்சிடியன், 700 கி.மீ.க்கும் அப்பால், இன்றைய துருக்கியின் மத்தியப் பகுதியிலிருந்து வந்தது. கிரேக்கத்தின் ஃபிராங்க்தி குகைக்கு மெலோஸ் தீவின் அப்சிடியன் வந்துள்ளது. அதுவும் அங்கு வேளாண்மை தொடங்கும் முன்பே! தீவிலிருந்து கல் வந்ததென்றால், மக்கள் கடல் கடந்துள்ளனர் என்பது உறுதி.

மேற்காசியாவில், மூலத்திலிருந்து சுமார் 300 கி.மீ. வரையுள்ள ஊர்களின் கல் கருவிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் அப்சிடியனே. அதற்கப்பால் அளவு வேகமாகக் குறைகிறது. ஒவ்வோர் ஊரும் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை அடுத்த ஊருக்குக் கைமாற்றியதே காரணம் என ரென்ஃப்ரு விளக்கினார்.

இதை வகுப்பறையில் செய்து பார்க்கலாம். ஏழு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, முதல் மாணவரிடம் 64 புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தரட்டும். 32, 16, 8, 4, 2, 1 என மீதமாகி, ஏழாமவருக்கு ஒன்றே கிடைக்கும். இதை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். அடுத்த முறை, முதல் மாணவரே நேராக நடந்து சென்று ஆறாமவரிடம் 20 கொட்டைகளைத் தரட்டும். வரைபடம் எவ்வாறு மாறுகிறது? தொல்லியலாளர்கள் கைமாற்றத்தையும் நேரடி வணிகத்தையும் பிரித்தறிய முயல்வது இப்படித்தான்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். கல் எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சேர்ந்தது என்பதையே ஆய்வு நேரடியாகக் காட்டுகிறது. யார் கொண்டுவந்தார், பதிலுக்கு என்ன பெற்றார் என்பது நம் ஊகம். சான்று எது, ஊகம் எது என்று பிரித்து எழுதும் பயிற்சியை இப்பாடத்திலேயே தொடங்கலாம்.