ஒரே ஒரு சாவியோட கார் ஓட்டுறீங்களா? ரிமோட் சாவி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க



நம்ம சேனல்ல யூஸ்டு கார் வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "சார், 2014 மாடல் கார் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். கண்டிஷன் சூப்பர். ஆனா ஒரே ஒரு ரிமோட் சாவிதான் இருக்காம். பரவாயில்லையா?"

ரெண்டு வரியில பதில் போடலாம்னுதான் உட்கார்ந்தேன். முடியல. ஏன்னா இதே கேள்விக்கு நானே "பரவாயில்லை"ன்னு பதில் சொல்லி, 26,400 ரூபாய் அபராதம் கட்டினவன். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆடிட்டர் தன் கணக்குல கோட்டை விட்ட கதை இது.

திருச்செந்தூர்ல நடந்தது

2019-ல ஒரு 2013 மாடல் ஹேட்ச்பேக் வாங்கினேன். வித்தவர் கொடுத்தது ஒரு சாவி. "இன்னொண்ணு வீட்ல எங்கயோ இருக்கு சார், தேடித் தர்றேன்"னு சொன்னார். இன்னும் தேடிக்கிட்டே இருக்கார்னு நினைக்கிறேன்.

அந்த மாசமே சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். ரெண்டாவது ரிமோட் சாவி, புரோகிராமிங்கோட சேர்த்து 4,200 ரூபாய்னு சொன்னாங்க. "இருக்குற சாவி நல்லாத்தானே வேலை செய்யுது, எதுக்கு வெட்டியா 4,200?"ன்னு தள்ளிப் போட்டேன். ஒரு மாசம் இல்ல, மூணு வருஷம்.

2022-ல பையனுக்கு மொட்டை போட குடும்பத்தோட கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூர் போனோம். கடல்ல குளிக்கும்போது சாவி என் டவுசர் பாக்கெட்ல இருந்தது. வெளிய வரும்போது பாக்கெட் இருந்தது, சாவி இல்ல. கார் பார்க்கிங்ல பூட்டிக் கிடக்கு. அப்பாவோட இன்சுலின் உள்ள இருக்கு. மணி பதினொண்ணு, நல்ல வெயில்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கீ மேக்கர் அண்ணன் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கதவைப் பத்து நிமிஷத்துல திறந்துட்டார். அதுக்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம்: "சார், சாவி வெட்டித் தர்றேன். கதவு திறக்கும், ஸ்டியரிங் லாக்கும் ரிலீஸ் ஆகும். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகாது. உள்ள சிப் இருக்குற வண்டி இது. வேலை செய்ற சாவி ஒண்ணு இருந்தா என் மெஷின்ல இன்னொண்ணு போட்டுடுவேன். ஒண்ணுமே இல்லைன்னா இந்த மாடலுக்கு என்கிட்ட வழி இல்ல."

வெயில்ல நின்ன காருக்குள்ள இருந்த இன்சுலினை நம்ப முடியாதுன்னு மெடிக்கல்ல புதுசா வாங்கினோம். அப்பா என்னைத் திட்டவே இல்ல. "சாவி என்ன விலைப்பா?"ன்னு மட்டும் கேட்டார். அது திட்டினதை விட மோசமா இருந்தது.

கடைசிக் கணக்கு இதுதான்:

- கதவு திறந்த கூலி: 1,500
- திருநெல்வேலி சர்வீஸ் சென்டர் வரைக்கும் ரெக்கவரி வண்டி: 4,500
- குடும்பம் ஊர் திரும்ப டாக்ஸி: 3,000
- ரெண்டு சாவியோட முழு லாக் செட், புரோகிராமிங்: 17,400
- மொத்தம்: 26,400 ரூபாய், அதோட ஒன்பது நாள் கார் இல்ல

4,200 ரூபாய் வேலைக்கு ஆறு மடங்குக்கும் மேல. கையில ஒரு சாவி இருக்கும்போது ரெண்டாவது சாவிங்கறது சின்ன வேலை. கையில ஒண்ணுமே இல்லாதப்போ அது பெரிய ரிப்பேர். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்குங்க.

உங்க சாவிக்குள்ள என்ன இருக்கு?

பார்க்க ஒரே பொருள் மாதிரி இருந்தாலும், ரிமோட் சாவிக்குள்ள மூணு பொருள் இருக்கு.

1. உலோக பிளேடு: கதவையும் இக்னிஷனையும் திருப்பறது. பெரும்பாலும் சாவிக் கடையில வெட்டலாம்.

2. ரிமோட்: பட்டனை அழுத்தினா கதவு பூட்டும், திறக்கும். இதுக்கு பேட்டரி வேணும்.

3. டிரான்ஸ்பாண்டர் சிப்: இதுக்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷனைச் சுத்தி இருக்குற காயில்ல இருந்து கரண்ட் எடுத்துக்கிட்டு, காரோட இம்மொபிலைசருக்குத் தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் பொருந்தலைன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வெறும் ரிமோட்டை மட்டும் மலிவா வாங்கி ஏமாறுறவங்க இங்கதான் மாட்டுறாங்க. கதவு திறக்கும், கார் ஓடாது.

இன்னொரு விஷயம். பழைய கார்ல, அதுவும் பேஸ் வேரியன்ட்ல, கம்பெனி ரிமோட்டே இருந்திருக்காது. முதல் ஓனர் வெளிய சென்ட்ரல் லாக் மாட்டியிருப்பார். சாவிக் கொத்துல சாவி தனியா, ரிமோட் தனியா தொங்கினா பெரும்பாலும் அதுதான். அந்த ரிமோட் போச்சுன்னா ஷோரூம் போகவே வேண்டாம். கார் ஆக்சஸரீஸ் கடையில அதே கிட்டோட ரிமோட் கிடைச்சா, கம்மி செலவுல முடிஞ்சிடும்.

செலவு பண்றதுக்கு முன்னாடி பேட்டரியைப் பாருங்க

பக்கத்துல போனாத்தான் ரிமோட் வேலை செய்யுதா? நாலு தடவை அழுத்த வேண்டியிருக்கா? அது பெரும்பாலும் பட்டன் செல் பிரச்சினை. நிறைய சாவியில சி.ஆர் 2032 செல்தான் இருக்கும், சிலதுல 2016 அல்லது 1620. பழைய செல்லுல நம்பர் அச்சடிச்சிருக்கும், அதே நம்பர் வாங்குங்க. நூறு ரூபாய்க்குள்ள முடியற வேலை.

பட்டன் ரப்பர் கிழிஞ்சிருந்தா, வெளிக்கூடு மட்டும் வாங்கி உள்ள இருக்குற போர்டை மாத்திக்கலாம். ஆனா சிப் சில சாவியில போர்டுலயே இருக்கும், சிலதுல கூட்டுக்குள்ள தனியா அரிசி மூட்டை சைஸ் குட்டிக் கட்டியா ஒட்டியிருக்கும்னு நினைச்சுக்காதீங்க, நிஜத்துல அது விரல் நகத்தை விடச் சின்னது. பழைய கூட்டைத் தூக்கிப் போடும்போது அதுவும் குப்பைக்குப் போயிடும். அதனால புதுக் கூட்டுல வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கற வரைக்கும் பழையதை எறியாதீங்க.

எங்க வாங்கலாம்?

மூணு வழி இருக்கு.

சர்வீஸ் சென்டர்: விலை அதிகம், காத்திருப்பும் அதிகம். ஆனா சரியான பார்ட், வாரன்டி, ஜி.எஸ்.டி பில் மூணும் கிடைக்கும். ஆர்.சி, உங்க அடையாள அட்டை ரெண்டையும் கேட்பாங்க. கேட்கலைன்னாத்தான் நீங்க பயப்படணும்.

வெளிக் கீ மேக்கர்: சென்னையில ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா கார் ஆக்சஸரீஸ் கடைகள் வரிசையா இருக்கு. எந்தப் பெரிய ஊர்லயும் சிப் சாவி போடுற கடை ஒண்ணு ரெண்டு இருக்கும். விலை கம்மி, பெரும்பாலும் அன்னைக்கே வேலை முடியும். கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" இல்ல. "இந்த மாடல், இந்த வருஷம், முன்னாடி போட்டிருக்கீங்களா? ஸ்டார்ட் ஆகலைன்னா காசு வேண்டாம்தானே?" இதுதான்.

ஆன்லைன்: இங்கதான் கவனம் தேவை. போட்டோவுல பட்டன் ஒரே மாதிரி இருக்குன்னு ஆர்டர் போடாதீங்க. மூணு விஷயம் பொருந்தணும்: பார்ட் நம்பர், சிப் வகை, ஃப்ரீக்வன்சி. நம்ம ஊர் கார் ரிமோட்கள் பொதுவா 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா, ஜப்பான் மார்க்கெட்டுக்குச் செஞ்சதுல 315 நிறைய வரும். அதை வாங்கினா பிள்ளைங்க விளையாடத்தான் ஆகும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, புரோகிராம் பண்ணப் போற கடைக்காரர்கிட்ட போட்டோவைக் காட்டிக் கேட்டுடுங்க. சில பேர் வெளிய வாங்கின சாவியைத் தொடவே மாட்டாங்க.

பழைய கார்ல இருந்து கழட்டின செகண்ட் ஹேண்ட் சாவி வேண்டவே வேண்டாம். நிறைய சிப்கள் முதல் காரோட ஒருதடவை சேர்ந்துட்டா லாக் ஆகிடும், அடுத்த காருக்கு மாறாது.

புரோகிராமிங்: காசு கொடுக்கறதுக்கு முன்னாடி

சில பழைய மாடல்கள்ல ரிமோட் பட்டனை மட்டும் நீங்களே சேர்க்கலாம். இக்னிஷனை இத்தனை தடவை ஆன், ஆஃப், கதவை இத்தனை தடவை திறந்து மூடுன்னு ஒரு வரிசை இருக்கும். உங்க ஓனர் மேனுவல்ல இருந்தா முயற்சி பண்ணுங்க. மத்ததுக்கெல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்குற ஓ.பி.டி போர்ட்ல மெஷினை மாட்டித்தான் செய்யணும்.

போகும்போது இதெல்லாம் செய்யுங்க:

- வீட்டுல இருக்குற எல்லாச் சாவியையும் எடுத்துட்டுப் போங்க. சில கார்கள்ல புதுசு சேர்க்கும்போது, அந்த நேரத்துல அங்க இல்லாத சாவி மெமரியிலிருந்து அழிஞ்சிடும்.
- கார் பேட்டரி வீக்கா இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. புரோகிராமிங் பாதியில கரண்ட் போனா வேலை பெருசாகிடும்.
- புதுச் சாவியைச் சோதிக்கும்போது பழைய சாவியை அதே கொத்துல வெச்சுக்காதீங்க, இருபது அடி தள்ளி வைங்க. இல்லைன்னா பழைய சிப்பால வண்டி ஸ்டார்ட் ஆகி, புதுசு வேலை செய்யுதுன்னு நம்பி வந்துடுவீங்க.
- பூட்டு, திற, டிக்கி, ஸ்டார்ட், நாலையும் பாருங்க. பழைய சாவியையும் மறுபடி ஒருதடவை போட்டுப் பாருங்க.
- தொலைஞ்ச சாவியோ, பழைய ஓனர்கிட்ட இருக்குற சாவியோ இருந்தா மெமரியிலிருந்து டெலீட் பண்ணச் சொல்லுங்க. அந்தச் சாவியால அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது.

இப்ப என் ஏரியா: இன்சூரன்ஸ்

26,400 ரூபாய் போனது கூட சின்ன விஷயம். ஒரே சாவியோட ஓட்டுறதுல இருக்குற பெரிய ரிஸ்க் வேற.

கார் திருடு போய் க்ளெய்ம் போட்டா, எஃப்.ஐ.ஆர், ஆர்.சி-யோட சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கறது ஒரிஜினல் சாவிகள். ஒருமையில இல்ல, பன்மையில. "ரெண்டாவது சாவி எங்க?"ன்னு கேட்டா உங்ககிட்ட பதில் இருக்கணும், அதுக்கு ஒரு பேப்பரும் இருக்கணும். இல்லைன்னா, சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போன அஜாக்கிரதைன்னு சந்தேகம் வரும், க்ளெய்ம் இழுக்கும். 2,40,000 ஐ.டி.வி இருக்குற காருக்கு, ஒரு சாவியோட கணக்கு இல்லாததால முழுப் பணமும் கேள்விக்குறி ஆகறதை யோசிச்சுப் பாருங்க.

அதனால சாவி தொலைஞ்ச அன்னைக்கே ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. புதுச் சாவியோட பில்லை பாலிசியோட சேர்த்து வைங்க. யூஸ்டு காரை ஒரே சாவியோட வாங்கினா, "ஒரு சாவி மட்டும் ஒப்படைக்கப்பட்டது"ன்னு டெலிவரி நோட்ல எழுதி வித்தவர் கையெழுத்து வாங்குங்க.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தொலைஞ்ச சாவிக்குப் பணம் வராது. கீ ரீப்ளேஸ்மென்ட்னு தனி ஆட்-ஆன் இருக்கு. பழைய கார்னா வயசு வரம்பு இருக்கலாம், ரெனிவல் அப்போ கேளுங்க. க்ளெய்ம் போடறதுக்கு முன்னாடி, அது உங்க நோ க்ளெய்ம் போனஸைத் தொடுமான்னு பாலிசி வாசகத்துல பாருங்க. உதாரணத்துக்கு, உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, போனஸ் 50 சதவீதம்னா, வருஷத்துக்கு 4,000 மிச்சம். 4,200 ரூபாய் சாவிக்காக அதை இழந்தா அடுத்த வருஷமே லாபம் காலி. அதுக்கப்புறம் 20 சதவீதத்துல இருந்து மறுபடி ஏறணும்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா டோயிங் செலவு அதுல வரலாம். என்கிட்டயும் அது இருந்தது. அந்த டென்ஷன்ல ஞாபகமே வரல! நம்பரை மொபைல்ல சேவ் பண்ணுங்க, வீட்டுக்காரங்க மொபைல்லயும்.

வரி விஷயமும் சொல்லிடறேன்: சம்பளக்காரங்களுக்கு இந்தச் செலவுக்குத் தனியா எந்தக் கழிவும் கிடையாது. அதனால முழுக்க உங்க பாக்கெட்தான்.

அந்தத் தம்பிக்கு என் பதில்

வாங்கலாம் தம்பி. ஆனா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு ரெண்டாவது சாவி என்ன விலைன்னு சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லுங்க. குறைச்ச பணத்தை வேற எதுக்கும் தொடாம, கார் கைக்கு வந்த முதல் வாரமே சாவி போடுங்க. ஏற்கெனவே கார் வெச்சிருந்து கையில மொத்தமா பணம் இல்லையா? மாசம் 500 எடுத்து வைங்க, ஒன்பது மாசத்துல 4,500.

ரெண்டாவது சாவியை முதல் சாவியோட ஒரே கொத்துல மாட்டாதீங்க. என்னோடது இப்ப கோவில்பட்டியில அப்பாகிட்ட இருக்கு. திருச்செந்தூர் போகும்போது அவரே இடுப்புல சொருகிக்கிட்டு, கடல் பக்கம் வராம கரையிலயே உட்கார்ந்துக்கறார்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க சாவி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.