கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை

கண் டாக்டரின் அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்துவிடுகிற ஒருவருக்கும் பார்வை பறிபோய்க்கொண்டிருக்கலாம். அந்தப் பலகை நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கும். இடது ஓரத்தில் என்ன தெரிகிறது, வலது ஓரத்தில் எதுவரை தெரிகிறது என்று அது கேட்பதில்லை. நிலைப்படியில் தோள் இடிக்கும். பக்கவாட்டில் வந்த பைக் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். ‘கவனமில்லை’ என்று வீட்டில் ஏச்சு விழும். ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாறும். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் கண்புரை என்று சொல்லி அறுவையும் நடந்துவிடுவதுண்டு. அப்போதும் பார்வை தெளியாது. ஏனென்றால் கோளாறு விழியில் இல்லை. அதற்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பிழைகள் ஒரே கட்டாக மூளைக்குப் போகின்றன. வழியில் இரண்டு கட்டுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. விழித்திரையின் மூக்குப் பக்கப் பாதியிலிருந்து வரும் இழைகள் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டும்; மற்றவை தம் பக்கத்திலேயே நேராகப் போய்விடும். விழித்திரையில் பிம்பம் இடவலம் மாறி விழுவதால், அப்படித் தாண்டும் இழைகள் சுமந்து செல்வது காதுப் பக்கத்துக் காட்சியை. இந்தச் சந்திப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, எலும்புக் குழி ஒன்றில் கொண்டைக்கடலை அளவில் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. அரை கிராம் எடைகொண்ட அதில் வளரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி மேல்நோக்கி வளரும் கட்டி, தாண்டும் இழைகளைக் கீழிருந்து நெருக்கத் தொடங்கிவிடும். முதலில் இரு கண்களிலும் மேல் வெளிமூலை மங்கும். பிறகு வெளிப்பாதி முழுவதும் மறையும்.

இவ்வளவு பெரிய இழப்பு எப்படித் தெரியாமல் போகிறது? இடது கண் இழந்த இடப்புறக் காட்சியில் பெரும்பகுதியை வலது கண் பார்த்துவிடுகிறது. வலப்புறக் காட்சியை இடது கண் ஈடுகட்டுகிறது. இரு கண்களும் திறந்திருக்கும்வரை கடைக்கோடி ஓரங்கள் மட்டுமே காணாமல் போகும். ஆனால் அருகில் பார்த்துச் செய்யும் வேலைகள் உண்மையைச் சொல்லிவிடும். ஊசியில் நூல் கோக்க முடியாது, நகம் வெட்டும்போது விரல் தப்பும். பார்வையைக் குத்தி நிறுத்திய பொருளுக்கு நேர் பின்னால் இருப்பது இரு கண்களுக்குமே மறைந்துவிடுவதுதான் காரணம். படிக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாகவும், சொல்லின் நடுவில் எழுத்து காணாமல் போவதாகவும் சிலர் சொல்வார்கள். இரு கண்களின் காட்சிகளையும் பூட்டி வைக்கும் பொதுப்பகுதி இல்லாமல் போவதால் அவை ஒன்றின்மீது ஒன்று நழுவுகின்றன. ‘கண்ணில் ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்று இந்தப் புகார்களைத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.

கண்டுபிடிப்பது கடினமே அல்ல. ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிரே உட்கார்ந்து பக்கவாட்டில் விரலை அசைத்துக் காட்ட இரண்டு நிமிடம் போதும். கண் சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை நடுக்கோட்டின் இருபுறமும் காட்டி, எந்தப் பக்கம் நிறம் வெளுத்துத் தெரிகிறது என்று கேட்பது கண் மருத்துவர்களின் பழைய உத்தி. சந்தேகம் வந்தால் ஃபீல்டு டெஸ்ட். குடை போன்ற கருவிக்குள் முகம் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சிட்டு வரும் படத்தில் கறுத்த பகுதி நடுச்செங்குத்துக் கோட்டில் கத்தரித்ததுபோல் நின்றால், அடுத்த வேலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

கட்டி என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளைப் பெரும்பாலும் காபெர்கோலின் மாத்திரையே சுருக்கிவிடும்; பார்வையும் சில வாரங்களில் தேறத் தொடங்கும். அதனால் ரத்தத்தில் அந்த ஹார்மோனின் அளவைப் பார்க்காமல் அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது. இந்த வகைக் கட்டியில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், கர்ப்பமில்லாமல் பால் சுரக்கும். அதனால் சீக்கிரம் மருத்துவரிடம் வருகிறார்கள். ஆண்களுக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பார்வை மங்கும்வரை காத்திருந்து பெரிய கட்டியோடு வருகிறவர்கள் பலர்.

மற்ற வகைக் கட்டி பார்வையை நெருக்கினால் அறுவைதான் வழி, அதுவும் இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகவே. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் 1907-இல் ஹெர்மன் ஷ்லோஃபர் முதன்முதலில் இந்தப் பாதையில் போனார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் அதைப் பல நோயாளிகளுக்குச் செய்து பார்த்துவிட்டு, பின்னாளில் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே திரும்பினார். வழி மறக்கப்படாமல் காத்தவர் எடின்பரோவின் நார்மன் டாட். அவரிடமிருந்து பாரிஸின் ஜெரார்ட் கியோ கற்க, அவருடைய மாணவர் ஜூல் ஹார்டி 1960-களில் மாண்ட்ரியலில் அறுவை நுண்ணோக்கியை இதற்குள் கொண்டுவந்தார். இப்போது எண்டோஸ்கோப் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. இந்தியாவில் நரம்பியல் அறுவைத் துறையே தமிழ் மண்ணில்தான் வேர்விட்டது: 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள்.

அறுவை முடிந்ததும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, ‘பார்வை திரும்புமா?’ நெருக்கம் விலகியதும் சிலருக்கு ஓரிரு நாளிலேயே வெளிச்சம் கூடித் தெரியும். அடுத்த சில மாதங்களில் மெல்லத் தேறுவது பெரும்பகுதி. அதற்குப் பிறகும் சிறு முன்னேற்றம் தொடரலாம். நீண்டகாலம் நசுங்கி இறந்துபோன இழைகள் திரும்ப முளைப்பதில்லை. விழித்திரையின் நரம்பிழைப் படலம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை ஓ.சி.டி. ஸ்கேனில் அறுவைக்கு முன்பே அளந்தால், எவ்வளவு மீளும் என்பதை ஓரளவு கணிக்கலாம். படலம் தடிமனாக இருக்கும்போதே வந்தவருக்கு நம்பிக்கை அதிகம். தாமதம் பறிப்பது இதைத்தான்.

அறுவையாலும் பார்வைக்குக் கேடு வரலாம். சிலருக்கே என்றாலும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்தம் கசிந்து தேங்கினால் நன்றாக இருந்த கண் சில மணி நேரத்தில் மங்கும். அதனால்தான் முதல் நாள் முழுக்க நர்ஸ் வந்து ‘எத்தனை விரல்?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தூக்கம் கெடுகிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மங்கல் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர்போல் ஒழுகுவது, தொண்டையில் உப்புச் சுவை இறங்குவது, அடங்காத தாகத்தோடு சிறுநீர் கொட்டுவது ஆகியவை மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

எல்லா மூளைக் கட்டியும் இந்த இடத்தில் வருவதில்லை. எங்கே வளர்ந்தாலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பின் முனை வீங்கும். குனிந்து நிமிரும்போது சில நொடிகள் இருட்டடிக்கும், காலைத் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை சேரும். பெருமூளையின் பின்பகுதியில் வளரும் கட்டியில் இரு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி போகும். காது நரம்புக் கட்டியை எடுத்த பிறகு முகநரம்பு தளர்ந்து இமை மூடாமல் நின்றால், சொட்டு மருந்தும் இரவில் இமையை ஒட்டும் டேப்பும் இல்லாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும்.

மீளாத பார்வையோடு வாழவும் பயிற்சி இருக்கிறது. தலையைத் திருப்பித் தெரியாத பக்கத்தைத் துழாவிப் பார்ப்பதைப் பழக்குகிறார்கள். வாகனத்தை மட்டும் ஃபீல்டு டெஸ்ட் பார்த்து டாக்டர் அனுமதிக்கும்வரை தொடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கியதையும் குறைபார்வையாக ஏற்கிறது. எழுத்துப் பலகையைப் படிக்க முடிகிறது என்பதற்காகவே சான்றிதழை மறுத்தால் கேள்வி கேளுங்கள்.

கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை என்றால், அடுத்த முறை கண் மருத்துவரிடம் ‘ஃபீல்டு டெஸ்ட் எடுக்கலாமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். திடீரென மண்டை பிளக்கும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ பிட்யூட்டரிக் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.