முதுகுக்கு ஸ்கேன், மூளையில் காயம்

கீழ் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனார் ஒரு பார்க்கின்சன் நோயாளி. ஸ்கேன் முடிந்தபோது உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. நடுக்கத்தைக் கட்டுப்படுத்த மூளைக்குள் வைத்திருந்த மின்முனையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. 2005-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான இந்தச் சம்பவத்தில் ஒரு விவரம் உறுத்துகிறது. அந்த எந்திரத்தின் காந்தம் 1 டெஸ்லாதான். மூளைக்குள் இருந்த கருவிக்கு அனுமதிக்கப்பட்டிருந்ததோ 1.5 டெஸ்லா, அதுவும் தலைக்கு மட்டும் ரேடியோ அலை அனுப்பும் காயிலில். காந்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்றுதானே நினைப்போம்?

ஆனால் சுடுவது காந்தம் அல்ல, ரேடியோ அலை. டி.பி.எஸ். என்கிற மூளைத் தூண்டல் கருவியின் பேட்டரி பெரும்பாலும் நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கும். அங்கிருந்து கழுத்து வழியாக மண்டைக்குள் ஒயர் போகும். 1.5 டெஸ்லா எந்திரம் சுமார் 64 மெகாஹெர்ட்ஸிலும், 3 டெஸ்லா எந்திரம் சுமார் 128 மெகாஹெர்ட்ஸிலும் அலை அனுப்பும். அந்த ஒயர் ரேடியோ ஏரியல் மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். வாங்கிய சக்தி ஒன்றரை மில்லிமீட்டர் மின்முனையில் சூடாக இறங்கும். எவ்வளவு சூடு என்பது ஒயரின் நீளம், அது உடம்பில் வளைந்து போகும் பாதை, அலைநீளம் மூன்றையும் பொறுத்தது. ஒரு எந்திரத்தில் பிரச்சினை தராத ஒயர் இன்னொன்றில் சுடலாம்.

2005 மே மாதம் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இத்தகைய ஸ்கேன்கள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. கோமா, நிரந்தர நரம்புப் பாதிப்பு வரை புகார்கள் வந்திருந்தன. அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பக்கவாதமோ கட்டியோ டி.பி.எஸ். வைத்தவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதில்லையே! 2015 இறுதியில் மெட்ரானிக் நிறுவனத்தின் டி.பி.எஸ். கருவிகளுக்கு நிபந்தனைகளோடு முழு உடல் ஸ்கேன் அனுமதி கிடைத்தது. ரேடியோ அலையின் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. ஒயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் மின்தடையைச் சோதிக்க வேண்டும். தூண்டலை நிறுத்த வேண்டும், அல்லது குறிப்பிட்ட முறைக்கு மாற்ற வேண்டும். அறுவை நேரத்திலேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: மிச்ச ஒயரை மண்டைத் துளையருகே வட்டமாகச் சுருட்டி வைத்தால் சூடு குறைகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காந்தப்புலம் செங்குத்தாக அமைந்த 1.2 டெஸ்லா திறந்த எந்திரங்களில் சூடு குறைவதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஸ்கேன் அறைகளில் நழுவிவிடும் விஷயம் வேறு. “பேட்டரியை எடுத்தாச்சு சார்” என்று நோயாளி சொல்வார். ஒயர் உள்ளேயே இருக்கும். பேட்டரியில்லாத ஒயர் இன்னும் அதிகமாகவே சுடக்கூடும். முழுக் கருவிக்கான நிபந்தனைகள் அதற்கு அப்படியே பொருந்தாது. அறுவை செய்த மருத்துவமனையின் குறிப்பும் ஓர் எக்ஸ்ரேயும் கைக்கு வரும்வரை அவரை மேசையில் ஏற்றக்கூடாது.