டிராக்டர் ஒரு பக்கமாக இழுக்கிறதா?

எழுமலைப் பக்கம் ஒரு விவசாயி தன் பழைய டிராக்டரைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "சார், வண்டி இடது பக்கமே இழுக்குது. டீசலும் கூடக் குடிக்குது. முன் டயர் ரெண்டும் மாத்தியாச்சு, ஸ்டியரிங் வேலையும் பார்த்தாச்சு. இன்னும் நேராப் போகமாட்டேங்குது" என்றார். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வரச் சொன்னேன். பின்சக்கர பிரேக் டிரம்களின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். வலது பக்கம் தண்ணீர் வழிந்து ஓடியது. இடது பக்கம் 'சுர்' என்று ஆவியாகிப் போனது. குற்றம் முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. இடது பிரேக், மிதிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தது. சரிசெய்யத் தேவைப்பட்டது ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் மண்ணெண்ணெயும்தான்.

பழைய டிராக்டர்களில் பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி பிரேக், தனித்தனி பெடல். முன்சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும், டிரம்முக்குள் இருக்கும் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். வரப்பு ஓரத்தில் திருப்பும்போது நீங்கள் இடது பெடலை மட்டும் மிதிக்கிறீர்கள், வண்டி இடது பக்கம் திரும்புகிறது. மாட்டு வண்டியில் ஒரு மாடு சுணங்கினால் வண்டி அந்தப் பக்கமே சாயும் அல்லவா? அதே கணக்குதான். எந்தச் சக்கரம் பின்தங்குகிறதோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

முதலில் பின் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, சமதளமான பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். உழவில் ஒரு சக்கரம் சாலில் இறங்கி ஓடும்போது இழுப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இப்போது இரண்டே கேள்வி.

பிரேக்கைத் தொடாதபோதே இழுக்கிறதா? அப்படியானால் இழுக்கிற பக்கத்து பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். டிரம்மை உள்ளங்கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும். தண்ணீர் தெளித்தே பாருங்கள். கருகிய வாடையும் அடிக்கும்.

மிதித்தால் மட்டும் இழுக்கிறதா? அப்படியானால் இழுக்கிற பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். பலர் இங்கேதான் தப்புப் பண்ணி, நல்ல பக்கத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

ஒட்டிக்கொள்ளும் பிரேக்குக்குக் காரணம் என்ன? தொழி உழவில் சேறும் தண்ணீரும் ஏறி, பெடல் தண்டும் ஷூவை விரிக்கும் தண்டும் துருப்பிடித்துப்போகும். மிதித்தால் போகும், திரும்பி வராது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ அறுந்தாலோ இதே கதைதான். பெடலில் கொஞ்சங்கூட 'பிளே' இல்லாமல் இறுக்கி வைத்தாலும் ஷூ எப்போதும் உரசும். தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, இலேசாக கிரீஸ் தடவினால் போதும். கிரீஸ் லைனிங்கில் படக்கூடாது.

பிடிக்காத பிரேக்கில் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது அச்சு ஆயில் சீல் கசிந்து ஆயில் இறங்கியிருக்கும். ஆயில் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் போடுகிறார்கள். சூடு ஏறினால் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். முதலில் சீலை மாற்றுங்கள், பிறகு இரண்டு பக்கமும் புது லைனிங் போடுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

'பிளே' வைப்பதற்கு முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் கனமான மரக்கட்டையும் வையுங்கள். சக்கரம் கையால் சுற்றாத அளவுக்கு இறுக்கி, பிறகு உரசாமல் சுற்றும்வரை தளர்த்துங்கள். பெடல் எவ்வளவு இறங்கலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அடுத்த பக்கமும் அதே அளவு. பிறகு மண் தரையில் இரண்டு பெடலையும் கொண்டி போட்டு இணைத்து, மெதுவாக ஓட்டி மிதியுங்கள். இரண்டு டயரும் ஒரே நீளத்துக்குக் கோடு போட்டால் வேலை முடிந்தது.

பிரேக் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பிந்தைய வண்டிகளை வீட்டில் பிரிக்க வேண்டாம். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். வயலைவிட்டு ரோட்டுக்கு ஏறும் முன் பெடல் கொண்டியைப் போட்டுவிடுங்கள். உசிலம்பட்டிக்கு லோடு ஏற்றிப் போகும்போதும், கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போதும், பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். அந்த நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் டிராக்டர் குறுக்கே திரும்பும், டிரெய்லர் அதை மடக்கிக் கவிழ்த்துவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள், சின்ன கியரிலேயே இறங்குங்கள். டிரெய்லர் லோடுமேல் ஆள் ஏற்றாதீர்கள்.

சேற்றில் உழுது திரும்பினால் டிரம் பக்கம் கழுவி, இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஓட்டிக் காயவையுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் சோதனையை மாதம் ஒரு தடவை செய்து பாருங்கள். காசு கேட்காத சோதனை அது.