கூடாரத்தில் 62 ஆண்டுகள்
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



வேலை, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. வந்த இடத்தில் முதல் போராட்டம் வீடுதான். ‘டு லெட்’ பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினால், எத்தனை பேர், என்ன வேலை, அசைவம் சமைப்பீர்களா, நீங்கள் என்ன ஆட்கள் என்று கேள்விகள் வரும். எல்லாம் ஒத்துவந்தாலும், அட்வான்ஸ் கைக்கு எட்டாது. பல வாரம் அலைந்தபின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: ‘கடவுள்தாம் இங்கே அழைத்து வந்தார் என்றால், ஏன் ஒரு கதவும் திறக்கவில்லை? வந்ததே தவறோ?’

இதற்கு ஆபிரகாமின் வாழ்வில் விடை தேடுவோம்.

காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. ஒரு நாட்டையே தருவதாக ஆண்டவர் வாக்களித்தார். ஆனால் கானானுக்கு வந்த பின் அங்கே பஞ்சம். பிழைப்புக்காக எகிப்துக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே உயிருக்கு அஞ்சி, தம் மனைவியைச் சகோதரி என்று சொன்னார். நம்பிக்கையின் தந்தை என்று நாம் போற்றுகிறவரும் அந்நிய மண்ணில் தடுமாறியவர்தான். ஆண்டவர் அதற்காக அவரைக் கைவிடவில்லை.

சாரா தம் 127ஆம் வயதில் கானானில் இறந்தார். ஆபிரகாம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கணக்கிட்டால், வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கிப் புறப்பட்டு 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றும் மனைவியை அடக்கம் செய்ய ஒரு சாண் நிலம் அவருக்குச் சொந்தமில்லை. தொடக்கநூல் 23ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் வாக்குறுதி பெற்றவர், தாம் ஓர் அந்நியர் என்று சொல்லி இத்தியர் முன் தலைவணங்குகிறார். நிலத்துக்காரரான எப்ரோன் முதலில் இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். பிறகு 400 செக்கேல் வெள்ளி என்று விலையும் சொல்லிவிடுகிறார். ஆபிரகாம் ஊரார் முன்னிலையில் வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்து, மக்பேலா குகையை உரிமையாக்கிக்கொள்கிறார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, வீடு கிடைக்கத் தாமதமாவது கடவுளின் அழைப்பு பொய் என்பதற்கு அடையாளம் அல்ல. மம்ரேயில் கூடார வாயிலுக்கே ஆண்டவர் தேடி வந்தார். ‘நல்ல வீட்டுக்குக் குடிபோகட்டும், பிறகு வருகிறேன்’ என்று அவர் காத்திருக்கவில்லை. ஒற்றை அறையிலும், உறவினர் வீட்டுத் திண்ணையிலும் குடும்பச் செபம் சொல்லலாம்.

இரண்டாவது, நம்பிக்கை என்பது கைகட்டி உட்கார்ந்திருப்பது அல்ல. ஆபிரகாம் எழுந்துபோய்க் கேட்டார். சாட்சிகள் முன் பணம் கொடுத்தார். நாமும் செபித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தை வாசித்துக் கையொப்பமிடுவதும், அட்வான்சுக்கு ரசீது கேட்பதும் நம்பிக்கைக் குறைவு அல்ல.

வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள் என்று ஆண்டவர் இஸ்ரயேலருக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். டிசம்பரில் குடில் கட்டி, பெத்லகேமில் இடம் கிடைக்காத திருக்குடும்பத்துக்காக உருகுகிறோம். அதே நாம் சாதி கேட்டுக் கதவைச் சாத்தினால், அந்தக் குடிலுக்கு என்ன பொருள்? உங்கள் தெருவில் வீடு காலியானால் அன்பியக் கூட்டத்தில் சொல்லுங்கள். புதிதாக வந்த குடும்பத்துக்காக வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கடவுள் திறக்கும் கதவின் சாவி பல நேரங்களில் அடுத்த வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

இன்றிரவு எங்கே தலைசாய்ப்பது என்று கவலைப்படுவோரை, தலைசாய்க்க இடமின்றி நடந்த நம் ஆண்டவர் இயேசு காப்பாராக. ஆமென்.